டீடெய்லிங்: விவரிப்பதா, துலக்குவதா?

பழைய கார் ஒன்றைக் கண்காட்சிக்குத் தயார்செய்யும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்பிச் சக்கரத்தின் ஆரக்கால்களை ஒவ்வொன்றாகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். கம்பியின் முன்பக்கம், பின்பக்கம், அது சக்கரத்தின் நடுக்குடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் அந்தக் குறுகல் மூலை என்று எதையும் விடவில்லை. அப்போது திரையின் அடியில் தமிழ் வரி ஓடியது: ‘இவர் மூன்று நாள்களாக இந்தக் காரை விவரித்து வருகிறார்.’ மனிதர் வாயே திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘டீடெய்லிங்’ என்று சொன்னதை, டீடெய்ல் என்றால் விவரம்தானே என்று இப்படி மொழிபெயர்த்திருந்தார்கள்.

முதல் தடவை சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அப்புறம் ‘கார் விவரிப்பு’, ‘வாகன விவரமாக்கல்’, ‘தொழில்முறை விவரிப்பாளர்’ என்று வரிசையாக வர ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுபோனது. வாகன விவரம் என்றால் தமிழ் படிக்கிற யாருக்கும் பதிவு எண், இன்ஜின் எண், உரிமையாளர் பெயர் என்றுதான் தோன்றும். பிரஷ்ஷும் மெழுகும் தோன்றாது.

டீடெய்லிங் என்பது கார் கழுவுவதல்ல. கழுவுவது அதன் முதல் படி. இரண்டு வாளி வைத்துக்கொள்வார்கள், ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் அழுக்கான கையுறையை அலச வெறும் தண்ணீர். கூரையில் ஆரம்பித்துக் கீழே வருவார்கள். தண்ணீருக்குப் போகாமல் பெயிண்டில் ஒட்டிக்கிடக்கும் துகள்களை, வழுக்கும் திரவத்தைத் தெளித்து, களிமண் மாதிரி மிருதுவான க்ளே கட்டியால் நீவி எடுப்பார்கள். வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும் மெல்லிய சுழல் கீறல்களைப் பாலிஷ் போட்டு நீக்கி, மேலே மெழுகு பூசுவார்கள். அதற்குப் பேர்போனது கார்னூபா, பிரேசிலின் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. பிறகு குரோமியப் பட்டைகள், முகப்பில் பதித்த எழுத்துகளின் இடுக்கு, கதவுக் கீல், டிக்கி விரிப்பு வரைக்கும் போவார்கள். உடைந்ததை மாற்றுவதும், துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதிது பற்றவைப்பதும் இதில் சேராது. அது மறுசீரமைப்பு, வேறு தொழில். இங்கே பொருள் அதேதான். அதன் முகம்தான் வெளியே வருகிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பிரெஞ்சில் வெட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது டீடெய்ல்: துண்டு துண்டாக வெட்டியது. துணியை வெட்டுகிற டெய்லரும், மொத்தச் சரக்கை உடைத்து விற்கிற ரீடெய்லும் இதே குடும்பம். துண்டு என்ற பொருள் சிறு கூறு என்றாகி, நுணுக்கம் என்றாகி, கடைசியில் அமெரிக்கப் பேச்சில் காரை நுணுக்கமாகச் செப்பம் செய்வது என்று வந்து நின்றது. தகவல் என்ற பொருள் வழியில் பிரிந்து போன ஒரு கிளை. நம் மொழிபெயர்ப்பாளர் அந்தக் கிளையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இந்தச் சொல்லில் மட்டும் ஏன் அப்படி ஏறினார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அதே வீடியோக்களில் ‘வின்டேஜ்’ வருகிறது. பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல் முதலில் குறித்தது திராட்சை அறுவடையை. 1930 முடியும்வரை செய்த கார்களுக்கு பிரிட்டிஷ் ஆர்வலர்கள் அதைப் பெயராக வைத்தார்கள். அதை யாரும் ‘திராட்சை அறுவடைக் கார்’ என்று எழுதவில்லை. பழங்காலக் கார் என்று பொருளைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். பிரிட்டனில் ஏறக்குறைய இதே துப்புரவு வேலைக்கு ‘வேலட்டிங்’ என்று இன்னொரு பெயரும் உண்டு, பணியாளைக் குறிக்கும் வேலட்டிலிருந்து வந்தது. அங்கே எடுத்த படத்துக்கு ‘கார் ஏவலாள் வேலை’ என்றா போடுவது? ஒரு சொல்லுக்குப் பொருளைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அடுத்த சொல்லுக்கு மட்டும் கண் தெரியாமல் போகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? எனக்குச் சந்தேகமே இல்லை: துலக்கல்.

துலங்கு என்றால் ஒளிவிடு, தெளிவாகத் தெரி. துலக்கு என்றால் அப்படி ஒளிவிடச் செய். அடங்கு, அடக்கு மாதிரி இது தன்வினை, பிறவினை இணை. பல் துலக்குகிறோம், பாத்திரம் துலக்குகிறோம். இன்னொன்றும் உண்டு, அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. போலீஸ் துப்புத் துலக்குகிறது. துப்புத் துலக்குகிறவர் என்ன செய்கிறார்? எல்லாரும் தாண்டிப் போன சின்னச் சின்ன அடையாளங்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறார். மங்கிக் கிடந்தது தெளிகிறது. நுணுக்கமும் பளபளப்பும் ஒரே வினைக்குள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஆங்கிலச் சொல்லில் பளபளப்பு இல்லவே இல்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். ‘விவரி’ என்று எழுதியவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் தப்பித்திருப்பார். பாத்திரம் விளக்குவதும் பல் விளக்குவதும் இன்றும் பேச்சில் உண்டு. விளங்கு என்றாலும் ஒளிர்தான், விளக்கு என்றாலும் ஒளிரச் செய்தான். ‘இவர் காரை விளக்கி வருகிறார்’ என்று போட்டிருந்தால் தெரியாமலேயே சரியாகப் போட்டவர் ஆகியிருப்பார். ஆனாலும் நான் விளக்கலைப் பரிந்துரைக்கமாட்டேன். கார், விளக்கு என்ற இரண்டும் அடுத்தடுத்து வந்தால் காது நேரே ஹெட்லைட்டுக்குப் போய்விடும்.

இனி உண்மையான எதிராளிக்கு வருகிறேன். எனக்கு ஒரு நண்பர், தனித்தமிழில் பிடிவாதம் உள்ளவர். அவருக்கும் ‘விவரிப்பு’ பிடிக்கவில்லை. காரணம்தான் வேறு: விவரம் வடசொல்லாம். பொருள் தப்பு என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். அவர் செய்து வைத்திருக்கும் சொல் ‘நுண்தூய்மையாக்கம்’. விவரிப்பை ஒரு சிரிப்பில் தள்ளிவிடலாம். இதைத் தள்ளுவது கஷ்டம், ஏனென்றால் பார்க்க ஒழுங்காக இருக்கிறது. எழுத்து சுத்தம், இலக்கணம் சுத்தம். தொழில் மட்டும் அதில் இல்லை.

தெரிந்தவர் ஒருவரின் பழைய சிவப்புக் காருக்குப் பாலிஷ் போட ஒருமுறை உதவப் போனேன். கழுவி, நீவி, துடைத்து எல்லாம் ஆகிவிட்டது. கதவில் கையகல இடத்தில் நாலு சுற்று தேய்த்துவிட்டுத் துணியைத் திருப்பினால், துணி முழுக்கச் சிவப்பு. எனக்குக் கை ஓடவில்லை. பெயிண்டையே உரித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘அதுதான் வரணும்’ என்றார். நிறத்தின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் பூசுவது பரவலானது 1980களில்தான். அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் நிறப்பூச்சேதான் மேல்பூச்சு. வெயிலில் வெளுத்துப்போன அதன் மேல்தோல் பாலிஷோடு துணிக்கு வந்துவிடும். அடியிலிருந்து பழைய சிவப்பு எழும். எழுந்தது. ரோஜா வெளுப்பாகக் கிடந்த கதவில் அந்தக் கையகல இடம் மட்டும் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது.

அந்தத் துணியில் வந்தது அழுக்கா? இல்லை, பெயிண்ட். அழுக்கு எல்லாம் போய் அரை நாள் ஆகியிருந்தது. அப்படியானால் நாங்கள் எதைத் ‘தூய்மையாக்கினோம்’? டீடெய்லிங்கில் பாதி வேலை, அழுக்கு போன பிறகுதான் தொடங்குகிறது. அதுதான் ஆபத்தான பாதியும். இன்றைய காரில் ஆலைப் பூச்சு அத்தனை அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். சாதாரணத் தாள் ஒன்றே 100 மைக்ரான் பக்கம் வரும். விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியது என்பதால் அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார்கள். எத்தனை தடவை பாலிஷ் கண்டதென்று தெரியாத பழைய காரில், தடிமன் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்த பிறகே துணியைக் கையில் எடுப்பார்கள். இதைத் தூய்மை என்று சொல்வது, சிலை செதுக்குவதைக் கல் குறைப்பு என்பதுபோல.

தூய்மை கூடிப்போனாலும் தப்பு என்பது அடுத்த சிக்கல். கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடக்கும் கார் அழகுப் போட்டி உலகப் புகழ் பெற்றது. அங்கே மறுசீரமைத்த கார்கள் ஒரு பக்கம் மின்ன, ஆலையில் அடித்த பெயிண்டோடும் அசல் இருக்கையோடும் அப்படியே காத்துவைத்த கார்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அந்த வகைக் காரில் வெடிப்பு விட்ட பெயிண்டும், கைபட்டுத் தேய்ந்த ஸ்டியரிங்கும்தான் சொத்து. அதன் சொந்தக்காரரிடம் போய் ‘நுண்தூய்மையாக்கம் செய்யட்டுமா?’ என்று கேட்டால் கேட்டைச் சாத்திவிடுவார். துலக்கட்டுமா என்று கேட்கலாம். இருப்பதைத் தெரியவைப்பது துலக்கல். அதில் எதையும் புதிதாக்கும் வாக்குறுதி இல்லை.

அப்புறம் இந்த ‘நுண்’. நுண்ணுயிர் சரி, நுண்ணோக்கி சரி. இப்போது எதன் தலையிலும் நுண் உட்கார்கிறது. வாலில் ‘ஆக்கம்’. தலையும் வாலும் ஒட்டினால் கலைச்சொல் ரெடி என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. என்னிடம் ஒரு எளிய சோதனை உண்டு: சொல்லை ஏவலில் வைத்துப் பாருங்கள். ‘நாளைக்குக் கண்காட்சி, போய்ப் பம்பரைத் துலக்கு.’ வாயில் ஓடுகிறது. ‘போய்ப் பம்பரை நுண்தூய்மையாக்கு.’ பையன் பம்பரை எடுத்து உங்கள் மேல் போடுவான். ஏவ முடியாத வினை பெயர்ப்பலகையில்தான் வாழும், பட்டறையில் வாழாது.

நண்பர் விடவில்லை. துலக்கு அடுப்படிச் சொல்லாம், கோடிக்கணக்கில் விலைபோகும் காருக்குப் பொருந்தாதாம். அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. தினம் காலையில் எல்லா வாயிலும் புழங்குகிற சொல்லுக்கு மதிப்பில்லை, யார் வாயிலும் புழங்காத சொல்லுக்கு மதிப்பு என்றால், நாம் மொழிக்கு வேலை செய்யவில்லை, அலமாரிக்குச் செய்கிறோம். ‘துலக்குவதென்றால் அழுத்தித் தேய்ப்பதாயிற்றே, பெயிண்ட் என்ன ஆகும்?’ என்றும் கேட்டார். இது நியாயமான கேள்வி. ஆனால் தேய்ப்பது ஒரு வழி. துலக்கு என்ற வினை சொல்வது விளைவை. துப்பை யாரும் நார் போட்டுத் தேய்ப்பதில்லை.

எழுதும்போது லகரத்தில் மட்டும் கவனம். ‘துளக்கு’ என்றால் ஆட்டு, அசை. குறளில் ‘துளங்காது’ என்று வருவது அந்தச் சொல்லின் உறவு. காரைத் துளக்கினால் கண்ணாடிதான் உதிரும்.

ஏற்றுக்கொண்டால் கூடவே சில சொற்கள் இலவசம். செய்பவர் துலக்குநர். போட்டிக்கென்று செய்வது காட்சித் துலக்கல். பெயிண்டின் ‘ஃபினிஷ்’ இருக்கிறதே, அதற்குத் துலக்கம் என்றே சொல்லிவிடலாம். இந்த ஃபினிஷைத்தான் அதே வீடியோவில் ‘காரின் முடிவு கண்ணாடிபோல் இருக்கிறது’ என்று போட்டிருந்தார்கள். காரின் முடிவு! மோதியதோ என்று ஒரு கணம் பதறினேன். இன்னொன்றில் ‘பாலிஷ்’ போலந்து மொழி ஆகிவிட்டது. பானெட்டுக்குப் போலந்து மொழி தடவினார்கள். இயந்திரம் செய்தது என்று சொல்வார்கள். இயந்திரம் செய்யட்டும், வெளியே விடும் முன் ஒரு மனிதர் படத்தோடு சேர்த்து ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்திருக்கக்கூடாதா? அதற்கு நேரமில்லை என்றால் ‘டீடெய்லிங்’ என்றே விட்டுவிடலாம். எனக்கு அதில் சண்டையே இல்லை. பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது. புரிகிற கடன்சொல்லை எடுத்துவிட்டுப் புரியாத தமிழை வைப்பதில்தான் சண்டை.

துலக்கல் உதைக்கிற ஓர் இடம் உண்டு, மறைக்கவேண்டாம். தோல் இருக்கை. அது மின்னினால் எண்ணெய் பிசுபிசுப்பு என்று அர்த்தம். நன்றாகச் செய்த தோல் மங்கலாக, மெத்தென்று இருக்கும். ‘இருக்கையைத் துலக்கு’ என்று ஒரு புதுப் பையனிடம் சொன்னால் பளபளப்புக் குப்பியை எடுத்துவிடுவான். அங்கே மட்டும் ‘துடைத்துப் பதம் பண்ணு’ என்றுதான் நான் சொல்வேன். நண்பர் அதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறாராம். நான் இன்னும் கேட்கவில்லை.