லயன் வீடுகளில் கொரோனா: ஜன்னலை அடைக்காதீர்கள்

நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கத்து லயன் வீடு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) ஒன்றிலிருந்து ஒரே குடும்பத்தார் நால்வர் கொரோனாத் தொற்றுடன் இந்த வாரம் எங்களிடம் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார்கள். 2021ஆம் ஆண்டின் இந்த இரண்டாம் அலையில் இன்னும் எத்தனை வீடுகளில் இதையே பார்ப்பது என்ற ஆற்றாமையில் இதை எழுதுகிறேன். முதலில் காய்ச்சல் கண்டவர் மகன். அவரைப் படுக்க வைத்து, ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்து, கதவடியில் பழைய கம்பளியைச் சுருட்டி வைத்துவிட்டு, அனைவரும் அதே அறையில் உறங்கியிருக்கிறார்கள். "சாரக்காத்து பட்டா சளி நெஞ்சுல எறங்கிடும்னுதான் சார் அடைச்சோம்" என்றார் தாயார்.

குளிர்காற்று கொரோனாவைக் கொண்டுவருவதில்லை. நோயாளி பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள் அடைத்த அறையில் நெடுநேரம் மிதக்கின்றன. உடனிருப்பவர் இரவு முழுவதும் அந்தக் காற்றையே இழுக்கிறார். சாரல் அடித்தால் மழை படாத பக்கத்து ஜன்னலையாவது திறந்து வையுங்கள்; நோயாளியை அதன் அருகே படுக்க வைத்து, இன்னொரு கம்பளியைப் போர்த்திவிடுங்கள். உடம்பைப் போர்த்த வேண்டும், அறையை அல்ல. இதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

மலையகத் தமிழரின் குடியுரிமை குறித்து இந்தியாவும் இலங்கையும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல, இன்றும் நீலகிரித் தோட்டங்களில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பொதுக்குழாய், பொதுக் கழிப்பறை என்றே வாழ்கின்றன. பக்கத்து அறைகளில் ஜார்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் நெருக்கியடித்துத் தங்கியிருக்கிறார்கள். இவர்களிடம் போய்த் தனியறை, தனிக் கழிப்பறை என்று ஒப்பிக்கும் என் மருத்துவத் துறையினர்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. வீட்டில் இடமில்லையென்றால் சிகிச்சை மையத்திற்குச் செல்வதே வழி. கூலி போய்விடும், லயனையே தகரம் அடித்து அடைத்துவிடுவார்கள், சிலோன்காரர்களால்தான் பரவியது என்ற பேச்சு வரும் என்றெல்லாம் அஞ்சிக் காய்ச்சலை மறைக்கிறார்கள். அந்தப் பேச்சைப் பேசுவோர் தயவுசெய்து நிறுத்துங்கள்; பழிக்கு அஞ்சியவர் பரிசோதனைக்கு வரமாட்டார்.

அடைத்த அறைக்குள் கரிக்கணப்பு மூட்டுவது இதைவிடக் கொடியது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, வாந்தி, அசதி என்று அது காட்டும் குறிகளைக் கொரோனாவின் குறிகள் என்றே எடுத்துக்கொள்வீர்கள். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இங்கே ஏமாற்றும். நஞ்சேறிய இரத்தத்திற்கும் அது நல்ல அளவையே காட்டக்கூடும். கணப்பை வாசலுக்கு வெளியே வையுங்கள்.

ஆக்சிமீட்டரை மாட்டுமுன் விரல்களைத் தேய்த்துச் சூடேற்றுங்கள். கொழுந்து பறித்துக் குளிர்ந்த கையில் அளவு தவறும். உதகையைப் போல 2,240 மீட்டர் உயரத்தில் நலமாக இருப்பவருக்கே ஓரிரு புள்ளி குறையலாம். அதற்காக 94க்குக் கீழே இறங்கியதை "மலைதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

பொதுக்குழாயடியில் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். நோயாளி வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் தண்ணீர் பிடித்து வாசலில் வைத்துவிட்டால், அந்த வீட்டார் குழாயடிக்கு வரவே தேவையில்லை. தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்; மழை நாளில் மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும்.