வளையல் ஏறாத கை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து சில மாதம் ஆகியிருக்கும். காயம் ஆறிவிட்டது, கீமோவில் கொட்டிய முடியும் முளைக்கத் தொடங்கிவிட்டது. ஒருநாள் பழைய ஜாக்கெட்டைப் போட்டால் ஒரு கை மட்டும் இறுக்கிப் பிடிக்கிறது. தையலைப் பிரித்துவிட்டுச் சமாளிக்கிறார்கள். அடுத்த மாதம் வளையல் ஏற மாட்டேன் என்கிறது. வலி பெரிதாக இல்லை, கனம்தான். கையில் நீர் தேங்கி வரும் இந்த நிணநீர் வீக்கத்தைப் பல நேரம் டாக்டருக்கு முன்பே ஜாக்கெட் கண்டுபிடித்துவிடும்.

இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் ஓயாமல் நீர் கசிகிறது. அதையும் அதிலுள்ள புரதத்தையும் அள்ளிக்கொண்டு போய் இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. அவற்றின் நுனிச் சுவரில் செல்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். சுற்றுத் திசுவோடு மெல்லிய நார்கள் அவற்றைக் கட்டி வைத்திருக்கின்றன. தோல் இழுபட்டால் நார் இழுபடும், ஓடு திறக்கும், நீர் உள்ளே போகும். அதன் பிறகு தள்ளிவிட இதயம் மாதிரி ஒரு பம்ப் கிடையாது. குழாய்ச் சுவர் தானாகச் சுருங்கும். மற்றபடி, பக்கத்துத் தசை அசைந்து பிழிந்துவிட வேண்டும்.

அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களை, அதாவது நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை, வெட்டி எடுத்தாலோ, கதிர்வீச்சில் அங்கே தழும்பு கட்டினாலோ வடிகால் அடைபடுகிறது. தேங்கும் புரதம் மேலும் நீரை இழுக்கும். கவனிக்காமல் விட்டால் தோல் தடித்து இறுகும். நம் ஊருக்குத் தெரிந்த யானைக்காலும் இதே கதைதான். அங்கே அடைத்தது புழு, இங்கே கத்தி. 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மார்பகப் புற்றுநோய்க்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குவது தெரிந்தது. அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் 20 சதவீதம். புற்று முதலில் பரவக்கூடிய சில கணுக்களை (காவல் கணுக்கள்) மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு.

"அந்தக் கையால எதையும் தூக்காதே" என்பது வெகுகாலம் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் சொல்லப்பட்ட அறிவுரை. அப்படிப் பொத்தி வைத்ததில் தோள்பட்டை இறுகியதுதான் மிச்சம். 2009இல் அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களில் ஒரு பாதியினரை, கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டு, வாரம் இரண்டு முறை எடை தூக்க வைத்தார்கள். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். ஓராண்டில் தூக்காதவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் கூடிவிடவில்லை. திடீரென்று முற்றுவது தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு நேர்ந்தது, தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்கே. தசைதானே பம்ப்!

அதனால்தான் வீக்கத்தைக் குறைக்கக் கையில் சுற்றிக் கட்டும் துணியிலும் விஷயம் இருக்கிறது. மருந்துக் கடை கிரேப் பேண்டேஜ் தசை புடைக்கும்போது தானும் நீண்டு கொடுத்துவிடும். இதற்கென உள்ள கட்டு அதிகம் நீளாது, சுவர் மாதிரி நிற்கும். தசைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே நீர் பிழிபடும். ஆகவே கட்டோடு சும்மா உட்காரக் கூடாது. துணி மடிக்கலாம், வீடு பெருக்கலாம். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது வேண்டாம். நிணநீருக்கான மசாஜ் தோலை மட்டும் லேசாக இழுத்து விடுவது. அந்த ஓடுகள் திறக்க அவ்வளவு போதும்.

எதை, எவ்வளவு, எப்போது தொடங்குவது என்று கணக்குப் போடுபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தமிழில் தொழில்வழி சிகிச்சை என்கிறோம். "நான் வேலைக்கே போகலையே" என்று கேட்கத் தோன்றும். இங்கே தொழில் என்றால் அன்றாடம் செய்யும் அத்தனையும். கொடியில் ஈரச் சேலை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள்: கை தலைக்கு மேலே போக வேண்டும், அங்கேயே நிற்க வேண்டும், ஈரத்தின் கனத்தையும் தாங்க வேண்டும். தெரபிஸ்ட் இதை மூன்றாகப் பிரிப்பார். முதலில் இடுப்பு உயர ஸ்டாண்டில் கைக்குட்டை, பிறகு நெஞ்சளவில் துண்டு, கடைசியில்தான் கொடியும் சேலையும். தேங்காய் துருவினால் நடுவில் ஓய்வு. அரிவாள்மனைக் கீறலும் எண்ணெய்த் தெறிப்பும் இந்தக் கைக்கு ஆகாது, கிருமி சுலபமாகப் பரவும். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வீட்டில் ஒரு தையல் டேப் போதும். முழங்கை மடிப்புக்கு 10 செ.மீ. மேலேயும் கீழேயும் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு கையையும் மாதம் ஒரு முறை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் காட்ட வேண்டும். அறுவைக்கு முன்பே ஒரு தடவை அளந்திருந்தால் இன்னும் நல்லது. புழங்கும் கை முதலிலேயே கொஞ்சம் பருமனா என்பது அப்போதுதான் தெரியும்.