பாட்டில் வரும் ஊட்டியும் வண்டியில் போகும் ஊட்டியும்

சீசன் தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் பட்டியல்கள் வர ஆரம்பித்துவிடும். "ஒரு நாள், ஏழு பேர், இன்னோவா வேணும். தொட்டபெட்டா, பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், பைன் ஃபாரஸ்ட், ஷூட்டிங் மட்டம், பைக்காரா, கேத்தி ஸ்டேஷன், சிம்ஸ் பார்க், டால்ஃபின்ஸ் நோஸ், டைம் இருந்தா முதுமலை. ரேட் சொல்லுங்க அண்ணா." ஊட்டியில் டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிற எனக்கு ரேட் சொல்வது சுலபம். இத்தனையையும் அடக்குகிற பகல்தான் நீலகிரியில் கிடையாது.

இந்தப் பட்டியல்களில் பாதி சினிமாவிலிருந்து வருகிறது. பாட்டில் பல்லவி ஷூட்டிங் மட்டத்துப் புல்வெளியில் நடக்கும், சரணம் குன்னூர் தேயிலைச் சரிவுக்குத் தாவிவிடும். எடிட்டர் ஒரு வெட்டில் முடித்த வேலை அது. எனக்கோ பைக்காராவிலிருந்து ஊட்டிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து குன்னூருக்கு இன்னொரு 18, அதற்கப்புறம் டால்ஃபின்ஸ் நோஸுக்கு எஸ்டேட் வழியாக வளைந்து வளைந்து போகும் ஒடுக்கமான ரோடு. சாதாரண நாளில் பைக்காரா போக முக்கால் மணி நேரம் போதும். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் ஊட்டி எல்லையிலிருக்கும் ஃபிங்கர்போஸ்ட் தாண்டவே அவ்வளவு நேரம் ஆகலாம்.

பட்டியல் நீளமாக இருந்தால் பத்து இடத்தையும் அரைகுறையாகப் பார்ப்பீர்கள், அவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். காலையில் தொலைந்த நேரத்தை எல்லோரும் சாயங்காலம் இறக்கத்தில்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள். இருட்டும் நேரம், மூடுபனி, களைத்த டிரைவர், கீழே மேட்டுப்பாளையத்தில் ராத்திரி ரயில். மலையில் நான் பார்க்கிற விபத்துகளில் பல இந்த நேரத்து இறக்கத்தில் நடப்பவை.

அதனால் முதலில் பிரேக்கைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். சமவெளியில் நன்றாக ஓட்டுகிறவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இறக்கத்தில் மூன்றாவது, நான்காவது கியரில் வண்டியை விட்டுவிட்டு, பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வருவார்கள். குன்னூருக்குக் கீழே, மேட்டுப்பாளையம் இறக்கத்திலிருக்கும் பர்லியார் வருவதற்குள் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். டிஸ்க்கில் ஏறும் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் மாற்றாத ஆயில் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்தது போல உள்ளே போகும், வண்டி நிற்காது. "பிரேக் பிடிக்கலை" என்று மறுநாள் பேப்பரில் வருவது பெரும்பாலும் இதுதான்.

ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ, இறங்கும்போதும் அதே கியர். பெரும்பாலும் இரண்டாவது. கொண்டை ஊசி வளைவில் தேவைப்பட்டால் முதல் கியர். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'டி'யில் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. 'எல்' அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் இன்ஜின் பிடிமானம் துளியும் இல்லை. இன்ஜினையே அணைத்துவிட்டால் பவர் பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும். வாடை வந்தால் ஓரமாக இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு சூடாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும், விரிசலும் விடலாம். அப்புறம், ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி. இறங்குகிறவர்தான் நின்று விட வேண்டும். நம் ஊர்களில் ஹாரன் அடிப்பவருக்கே வழி என்று பழகிவிட்டதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மசினகுடி போகிறவர்களுக்குக் கூகுள் மேப் ஒரு குறுக்கு வழி காட்டும். தலைகுந்தாவில் பிரிந்து கல்லட்டி வழியாக இறங்கும் ரோடு. தூரம் 30 கிலோமீட்டர்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், சில இடங்களில் சரிவு பயங்கரம். விபத்துக்கு மேல் விபத்து நடந்ததால் வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்கக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். செக்போஸ்டில் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். கூடலூர் சுற்றி வந்தால் தூரம் இரட்டிப்புக்கு மேல், ஆனால் வீடு போய்ச் சேர்வீர்கள். அப்படியே மைசூர் போகிறவர்கள் பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் குற்றம். யானை தூரத்தில் நின்றாலும் சரி, ஓரத்தில் மான் மேய்ந்தாலும் சரி, வண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

சரி, சினிமா இடங்களுக்கு வருவோம். இவற்றைப் பார்க்க வருகிறவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன், என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. ஷூட்டிங் மட்டம் என்று நீங்கள் சொல்வது வென்லாக் டவுன்ஸ் புல்வெளியின் ஒரு பகுதி. கூடலூர் ரோட்டில் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்று சொன்னால் எந்த டிரைவருக்கும் தெரியும். பாட்டில் வெட்டி விட்ட புல்தரை மாதிரி தெரியும். உண்மையில் அது இந்த மலையின் தொன்மையான புல்வெளி. பள்ளங்களில் சோலைக்காடு, நடுவே சதுப்பு. மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல ஓடைகளுக்குக் கொடுப்பது இந்தக் கூட்டணிதான். பக்கத்திலேயே எல்லோரும் போட்டோ எடுக்கும் பைன் காடு மனிதர் நட்டது. எனக்கென்னவோ வண்டி வண்டியாகப் போய் நிற்கிற பைன் காட்டைவிட, யாரும் திரும்பிப் பார்க்காத சோலைதான் பார்க்க வேண்டிய இடம் என்று படும். பைன் ஊசி இலைகள் மேல் ஈரம் பட்டால் செருப்பு வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். வழியில் தோடர் பழங்குடியினரின் மந்து தெரிந்தால், அது மக்கள் குடியிருக்கும் இடம். அரைவட்டக் கூரை அழகாக இருக்கிறது என்று கேட்காமல் உள்ளே போய் கேமராவைத் தூக்க வேண்டாம். அவர்களுடைய கோயில் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கேத்தி ஸ்டேஷன் வேறு கதை. 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி எடுத்த இடம். போன வருடம் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பட்டியலில் கேத்தி கடைசியில் இருந்தது, கேட்டவர் வீட்டுப் பெரியவர். மத்தியானம் ஆகியும் நாங்கள் பைக்காரா போட் ஹவுஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். மருமகள் என்னிடம் வந்து, "அண்ணே, மாமா வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு. அந்த ஸ்டேஷனுக்கு மட்டும் எப்படியாவது போயிடலாம்ணே" என்றார். "அப்படின்னா போட்டிங்கை விட்டுடுங்கம்மா, இப்பவே கிளம்பினாத்தான் சரியா இருக்கும்" என்றேன். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. கேத்தியில் பெரியவர் ஸ்டேஷன் போர்டைத் தொட்டுப் பார்த்தார். மதுரையில் எந்தத் தியேட்டரில் எத்தனையாவது நாள் படம் பார்த்தேன் என்று பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வேறு எந்த இடத்திலும் அன்று அந்தக் குடும்பம் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. பட்டியல் போடும்போது வீட்டில் யாருக்கு எது உண்மையிலேயே வேண்டும் என்று கேட்டு, அதை முதலில் எழுதச் சொல்வது அதனால்தான்.

மலை ரயில் என்றதும் 'உயிரே' படத்தில் ரயில் மேல் ஆடும் பாட்டு ஞாபகம் வந்து தண்டவாளத்தில் ஏறி ஆடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பாட்டு இந்த ரயிலில் எடுத்ததுதான். ரயில்வே அனுமதியோடு, ஒரு படையே சுற்றி நின்று எடுத்தது. நீங்கள் தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தால் ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. வளைவில் வரும் ரயில் மிக அருகில் வந்த பிறகுதான் கண்ணில் படும். 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள் உள்ள பாதை இது. ரயிலை ரசிக்க நல்ல வழி ஒன்று சொல்கிறேன். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை நீங்கள் ரயிலில் வாருங்கள், டிரைவர் காலி வண்டியோடு குன்னூரில் வந்து நிற்பார். வழியில் லவ்டேல், கேத்தி, அரவங்காடு எல்லாம் ஜன்னலிலேயே கிடைத்துவிடும். முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் தேதி முடிவான அன்றே டிக்கெட்டைப் பாருங்கள். நீராவி இன்ஜின்தான் வேண்டும் என்றால் அது குன்னூருக்குக் கீழே, மேட்டுப்பாளையம் பக்கம் ஓடுவது.

கொடைக்கானல் பக்கம் வண்டி ஓட்டும் நண்பர்களுக்கும் இதே தலைவலிதான். 1991இல் 'குணா' வந்தபிறகு டெவில்ஸ் கிச்சன் குணா குகை ஆனது. 2006இல் கேரள இளைஞர் ஒருவர் அங்கே குழிக்குள் விழுந்து, நண்பர் இறங்கித் தூக்கி வந்த சம்பவம்தான் 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படமானது. படத்தில் பார்த்த குகை பெரும்பாலும் செட். நிஜக் குகைக்கு வேலி போட்டிருக்கிறார்கள், வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. வேலி தாண்டச் சொல்லும் டிரைவர், கைடு யாராக இருந்தாலும் அந்த ஆளோடு அடுத்த இடத்துக்குப் போகாதீர்கள்.

எந்தப் பக்கம் போவது என்பதை மழையும் முடிவு செய்யும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், பைக்காரா, அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மாதங்களில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகளில்தான் மண் சரியும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கம் நடந்த நிலச்சரிவுகளில் எத்தனையோ குடும்பங்கள் ஆட்களை இழந்தன. மழை எச்சரிக்கை வந்த நாளில் டிரைவர் "இன்னிக்கு வேண்டாம் சார்" என்றால் அட்வான்ஸ் போச்சே என்று சண்டை போடாதீர்கள்.

தேயிலைத் தோட்டம் எவருடையதோ ஒருவருடைய சொத்து. மருந்து அடித்திருப்பார்கள், செடிக்கு நடுவே காட்டெருமை படுத்திருக்கும். மாடு மாதிரி சாதுவாகத்தான் நிற்கும், செல்ஃபிக்குப் பின்னால் நிற்க வைக்கலாம் என்று தோன்றும். ஒரு டன் எடையுள்ள மிருகம் திரும்பிப் பாய ஒரு நொடி போதும்.

ஊருக்குள் வர இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறை. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்கு பாஸ் தேவையில்லை. சீசனில் பெரும்பாலும் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள், ரயில் நேரம் பார்க்கும்போது அந்தச் சுற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னத் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு, வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். வாந்தி வருகிறவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள். காலையில் பூரி, மசால் தோசை வேண்டாம், இட்லியோடு நிறுத்துங்கள்.

வண்டி பேசும்போது மஞ்சள் போர்டா என்று பாருங்கள். சொந்த உபயோக வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் ஐந்நூறு, ஆயிரம் குறைத்துக் கேட்பார்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி "இது வாடகைக்கு ஓடிய வண்டி" என்று கையை விரித்துவிடும். ரேட் மிகக் குறைவாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: சாக்லேட் கடை, தைலக் கடை, டீ ஃபேக்டரி என்று கமிஷன் கடைகளில் உங்கள் அரை நாள் போகும். எங்கள் தொழிலில் இது இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. "கடைக்கு நாங்களே கேட்டால் மட்டும் போங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நல்ல டிரைவர் யாரும் வருத்தப்பட மாட்டார்.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சொந்த வண்டியில் டிரைவரோடு வருகிறவர்களுக்கு ஒன்று. ராத்திரி முழுக்க ஓட்டி வந்த மனிதரை விடிந்ததும் நேராக பைக்காராவுக்கு ஓட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் பின் சீட்டில் தூங்கினீர்கள், அவர் தூங்கவில்லை. அன்று ஒரு நாள் உள்ளூர் வண்டி எடுத்துக்கொண்டு அவரைப் படுக்க விடுங்கள். ரூம் போடும்போதே டிரைவருக்கு டார்மிட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள், பல லாட்ஜ்களில் இருக்காது. டிசம்பர், ஜனவரியில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிரில் படுத்து எழுந்தவர்தான் மறுநாள் சாயங்காலம் உங்களைக் கீழே இறக்கப் போகிறார். பேட்டா எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.