காக்கா ஆழி எப்படி வந்து சேர்ந்தது?

எண்ணூர் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றடியில் பல இடங்களில் சேறே தட்டுப்படுவதில்லை, காக்கா ஆழி என்ற சிப்பிதான் என்பார்கள். கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு பாய் விரித்த மாதிரி மூடிவிடுகிறது. புதைந்து கிடக்கச் சேறு இல்லாவிட்டால் இறால் எங்கே தங்கும்? கை வைத்தால் ஓடு கீறும். மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற இந்தச் சிப்பி அமெரிக்கக் கண்டத்துக் கடற்கரைகளைச் சேர்ந்தது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் பரவியிருக்கிறது.

கப்பலில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது பேலஸ்ட் தண்ணீர். ஆய்வாளர்கள் சந்தேகிப்பதும் அதைத்தான். சரக்கை இறக்கிவிட்டால் கப்பல் நிலையாக நிற்காது. அதனால் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொள்வோம். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற ஏற அதை வெளியே விடுவோம். அந்தத் தண்ணீரிலும், தொட்டியடியில் படியும் சேற்றிலும் சிப்பிக் குஞ்சுகள் பயணம் செய்யும்.

இதை ஒரு நாடு தனியாகத் தடுக்க முடியாது. அதற்காகத்தான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004இல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலில், கரையிலிருந்து முடிந்தவரை 200 கடல் மைலுக்கு அப்பால் தொட்டித் தண்ணீரை மாற்றினால் போதும் என்றிருந்தது. இப்போது சுத்திகரித்துத்தான் விட வேண்டும்: ஒரு கன மீட்டரில் 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் 10க்குக் குறைவாக இருக்க வேண்டும்.

காகிதத்தில் சரி. கலங்கல் தண்ணீர் உள்ள துறைமுகத்தில் ஏற்றிப் பாருங்கள், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பம்ப் திணறும், சரக்கு இறக்கும் வேகத்துக்குத் தொட்டி நிரம்பாது, கரையிலிருந்து அவசரப்படுத்துவார்கள். சுத்திகரிப்பு இயந்திரத்துக்குள் போகாமல் தண்ணீரை நேரே தொட்டிக்கு விடும் வால்வு பக்கத்திலேயே இருக்கும், திறந்துவிடத் தோன்றும். பதிவேட்டை மட்டும் புரட்டும் அதிகாரிக்கு இது தெரியாது. தண்ணீரை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில் இந்தியா அதில் இல்லை. சேர்வது மட்டும் போதாது என்பது என் கருத்து. ஏனென்றால் ஒரே நாட்டின் கடல் எல்லைக்குள் ஓடும் கப்பல்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து நிலக்கரி கொண்டுவந்து எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, நம் தண்ணீரை நிரப்பிக்கொண்டு திரும்பும் கப்பல் அந்த வகைதான். அமெரிக்காவிலிருந்து வந்ததை இனி ஒடிசாவுக்கு நாமே அனுப்பிவைக்கலாம்! அந்த விலக்கு நிரந்தரமும் அல்ல. சூழலுக்குக் கேடு என்று அந்த நாடு தீர்மானித்தால் நீக்கிவிடலாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. கொசஸ்தலையைப் பார்த்த பிறகும் அதற்கு என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.