க்ரைம் கதை எழுதுகிறீர்களா? சம்பவ இடத்தில் விளக்கு எங்கே இருந்தது?

குற்ற வழக்கு நடத்துகிற வக்கீல் என்று தெரிந்ததும் க்ரைம் நாவல் எழுதுகிற நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் எல்லாம் பிரதியை அனுப்பிவிடுகிறார்கள். "சார், லீகலா சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். நாலு பக்கம் படித்தாலே, பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை, அந்தப் படங்களுக்கு நானும் அடிமைதான். ஆனால் எடுக்க வேண்டியதை அங்கேயே விட்டுவிட்டு வேறு எதையோ எடுத்து வருகிறார்கள். எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து இன்ஸ்பெக்டர் பேசுவது, கூண்டில் ஏறிய ஆள் திடீரென்று "ஆமாம், நான்தான் கொன்றேன்" என்று கதறுவது, இதெல்லாம் திரையில் நன்றாகத்தான் இருக்கும், கோர்ட்டில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

'அந்த நாள்' படத்தையே எடுத்துக்கொள்வோம். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 1954-ஆம் வருடத்துப் படம், ஒரு பாட்டுகூடக் கிடையாது. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்டதற்கு மறுநாள் ரேடியோ இன்ஜினியர் ராஜன், அதாவது சிவாஜி, சுடப்பட்டுச் சாகிறார். படமே அந்தச் சாவில்தான் தொடங்குகிறது. மனைவி, தம்பி, தம்பி மனைவி, நடனமாடும் பெண், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லி இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள், ஜாவர் சீதாராமன் சி.ஐ.டி.யாக வந்து பொறுமையாகக் கேட்கிறார். யார் கொன்றது என்று எழுபது வருடம் கழித்தும் எனக்குச் சொல்ல மனம் வரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் பார்த்து எழுதுகிறவர்கள் அந்த வாக்குமூலங்களையே கேஸின் ஆதாரமாக வைத்து முடித்துவிடுகிறார்கள். நிஜத்தில், விசாரணையின்போது சாட்சி போலீசிடம் சொன்னது கோர்ட்டில் நேரடி ஆதாரம் ஆகாது. அதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கவும் கூடாது. அன்று அப்படிச் சொன்னீர்களே, இன்று இப்படிச் சொல்கிறீர்களே என்று மடக்குவதற்குத்தான் பெரும்பாலும் அது பயன்படும். கொன்றேன் என்று போலீசிடம் ஒப்புக்கொண்டாலும் அந்த ஒப்புதல் செல்லாது. அதில் தப்பிப் பிழைப்பது, ஒளித்து வைத்த பொருளைக் காட்டிக்கொடுக்கும் பகுதி மட்டும்தான். "என்னை அழைத்துச் சென்றால் அரிவாளை மறைத்து வைத்திருக்கும் இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்" என்ற வாக்கியத்தை நம் ஊர் கேஸ் கட்டுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அப்புறம் வி.ஏ.ஓ. ஒருவர் வருவார், குற்றம் சாட்டப்பட்டவர் நேராகத் தன்னிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதார் என்பார், தலையாரி அதற்கு சாட்சி. வி.ஏ.ஓ. போலீஸ் அதிகாரி இல்லை என்பதால் அந்த ஒப்புதலுக்குத் தடை இல்லை, நம்பலாமா வேண்டாமா என்று அடித்துக்கொள்வோம். இவ்வளவு நல்ல சரக்கு நம்மிடம் இருக்க, க்ரைம் நாவல்களில் வி.ஏ.ஓ.வைக் காணவே முடிவதில்லை என்பது என் தீராத ஆதங்கம்.

சரி, அந்தப் படங்களிலிருந்து எதைத்தான் எடுப்பது? வெளிச்சத்தை. நிறம் இல்லாததால் அந்தக் கால ஒளிப்பதிவாளருக்கு இருந்ததெல்லாம் வெளிச்சமும் நிழலும்தான், விளக்கு எந்தப் பக்கம், அது யார் முகத்தில் எவ்வளவு விழுகிறது, யார் எங்கே நின்றால் எதைப் பார்க்க முடியும் என்று யோசித்தே ஒவ்வொரு காட்சியையும் எடுத்தார்கள். ராத்திரி நடந்த கொலை வழக்கில் நாங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறோம். சம்பவ இடத்தில் போலீஸ் பார்வை மகஜரும், அதாவது அங்கே கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் குறிப்பும், மாதிரி வரைபடமும் தயாரிப்பார்கள். பிரேதம் கிடந்த இடம், வீட்டு வாசல், வேப்பமரம் எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் முதலில் தேடுவது தெருவிளக்குக் கம்பத்தை. அது வரைபடத்தில் இல்லையென்றால் குறுக்கு விசாரணையே அங்கிருந்துதான் தொடங்கும். கம்பம் இருந்தால், அன்றைக்கு விளக்கு எரிந்ததா, கரண்ட் இருந்ததா என்று மின்வாரிய ஊழியர் சாட்சி சொல்ல வருவார். டார்ச் அடித்துப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னால், அந்த டார்ச்சைக் கைப்பற்றினார்களா என்று கேட்போம். நிலா வெளிச்சம் என்றால் காலண்டரைப் புரட்டுவோம், அமாவாசைக்கு முந்தின நாளாக இருந்துவிட்டால் அரசுத் தரப்புக்குச் சங்கடம். இதற்கு மறுபக்கமும் உண்டு, நன்றாகத் தெரிந்த ஆளென்றால் மங்கலான வெளிச்சத்திலும் நடையை, குரலை வைத்து அடையாளம் கண்டிருக்கலாம் என்று நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு.

1949-இல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்தில் இதற்கு ஓர் அருமையான காட்சி இருக்கிறது. போருக்குப் பிந்தைய வியன்னா, ராத்திரி, இருட்டான வாசற்படியில் யாரோ நிற்கிறார்கள், எதிரே குடித்திருக்கும் கதாநாயகன் சத்தம் போடுகிறான். சத்தத்தில் எழுந்த மாடி வீட்டுப் பெண் விளக்கைப் போட, ஜன்னல் வெளிச்சம் அந்த முகத்தில் விழுகிறது. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட நண்பன்! சில நொடிதான், விளக்கு அணைகிறது, குறுக்கே ஒரு கார் போகிறது, ஆளைக் காணோம். ஒரே சாட்சி, அதுவும் குடித்த சாட்சி, கிடைத்தது சில நொடி வெளிச்சம், அதுவும் யாரோ எரிச்சலில் போட்ட விளக்கு. இதைக் கேட்ட போலீஸ் அதிகாரி முதலில் நம்பாததில் என்ன ஆச்சரியம்? இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு நான் அரை நாள் குறுக்கு விசாரணை செய்வேன். நீங்கள் ஒரு நாவலே எழுதலாம்.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு படம் பார்க்கும்போது கொலைக் காட்சியில் நிறுத்திவிட்டு ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். கதவு, ஜன்னல், விளக்கு, ஒவ்வொரு ஆளும் நின்ற இடம், எந்தப் பக்கம் பார்த்து நின்றார். பிறகு அதில் விளக்கை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள், சாட்சி மாறுவார், சந்தேகம் வேறு ஆள்மேல் போகும், கதையும் உங்களுடையதாகிவிடும். படத்தின் கதையைச் சுட வேண்டிய அவசியமே வராது.

இன்னொன்று, கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 1943 என்றால் ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழு உண்டு, இப்போது கிடையாது. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த கொலைக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு என்று எழுதாதீர்கள், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. பொருட்களைக் கைப்பற்றுவதை இப்போது வீடியோ எடுக்க வேண்டும், ஆக மகஜர் சாட்சியை, அதாவது கைப்பற்றும்போது உடனிருந்து கையெழுத்துப் போடும் ஆளை வைத்துச் செய்த பழைய திருப்பங்கள் அப்படியே ஓடாது. சாட்சியான பெண்ணை "ஸ்டேஷனுக்கு வாம்மா" என்று இன்ஸ்பெக்டர் கூப்பிடுவதாக எழுதுகிறார்கள், படிக்கிறவர்களும் அதுதான் சட்டம் என்று நம்பிவிடுகிறார்கள். பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்கென்று அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 'அந்த நாள்' அதிகாரி வீட்டுக்கே போய் விசாரிக்கிறார் பாருங்கள், அந்த விஷயத்தில் பழைய படம்தான் சரி.

முடிந்தால் ஒருநாள் உங்கள் ஊர் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். கொலை வழக்கு விசாரணை பெரும்பாலும் திறந்த கோர்ட்டில்தான் நடக்கும், யாரும் பார்க்கலாம். செல்போனை அணைத்து வைத்துவிடுங்கள். நேரில் பார்த்த சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளாக விசாரித்துப் போனால் நல்லது, தீர்ப்பு நாளில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது.