இன்ஜின் வேலை பார்த்த வண்டியை 40-லயே உருட்டாதீங்க

எங்க பட்டறையில இன்ஜின் வேலை முடிச்சு வண்டியை கையில குடுக்கறப்ப முக்காவாசி பேரு கேக்கறது இதைத்தாங்க, "அண்ணா, எத்தனை கிலோமீட்டருக்கு 40 தாண்டக்கூடாது?" வேகமா ஓட்டி இன்ஜினைக் கெடுக்கறவங்க இருக்காங்கதான், ஆனா பயந்து பயந்து ஓட்டியே புது ரிங்கை (பிஸ்டனைச் சுத்தி மாட்டற வளையம்) வீணாக்கிட்டு சீக்கிரமே புகையோட திரும்பி வர்றவங்களும் நிறைய பேரு, அவங்களை நினைச்சுத்தான் இதை எழுதறேன். நான் சொல்றது 100ல இருந்து 150 சிசி வரைக்கும் இருக்கிற, காத்துல ஆறுற ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு.

சிலிண்டர் தேஞ்சு போச்சுன்னா ரீபோர் பண்ணி, அதாவது உள்பக்கத்தைக் கொஞ்சம் பெருசா கடைஞ்சு, 0.25, 0.50 மில்லிமீட்டர்னு ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவோம், போர் பண்ணி முடிச்சதும் லேத்துல கடைசியா ஹோனிங் அடிப்பாங்க, அதாவது கல்லை வச்சு உள்சுவத்தைத் தேய்ப்பாங்க. அந்த சிலிண்டரை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தீங்கன்னா உள்சுவத்துல மெல்லிசா குறுக்க குறுக்க கோடு தெரியும். அந்தக் கோட்டுப் பள்ளத்துலதான் ஆயில் தங்கும், மேடா இருக்கிற இடத்துல புது ரிங்கும் சுவரும் ஒண்ணை ஒண்ணு தேய்ச்சு பொருந்திக்கும். ரிங் பொருந்தறதுங்கறது தன்னோட இழுவிசையால மட்டும் நடக்கறது இல்லைங்க, பெட்ரோல் எரியறப்ப வர்ற பிரஷர் ரிங்குக்குப் பின்னால பூந்து அதை சுவத்துல அழுத்தணும், அப்பதான் பொருந்தும். 40லயே டாப் கியர்ல ஒரே சீரா உருட்டிக்கிட்டே இருந்தா அந்த அழுத்தம் போதாது, ஆயில் கசிஞ்சு மேல வந்து எரிஞ்சு அந்தக் கோட்டுப் பள்ளத்தை அரக்கு மாதிரி மூடிடும், சுவரு கண்ணாடி ஆயிடும். அப்புறம் நீங்க எவ்வளவு ஓட்டினாலும் ரிங் பொருந்தாது, திரும்ப பிரிச்சு ஹோனிங் அடிச்சு வேற ரிங் போடறதைத் தவிர வழியே கிடையாது.

இதைவிட மோசம் ஸ்டாண்டு போட்டு மணிக்கணக்கா ஐடிலிங்ல விடறது. இப்பவும் சில பட்டறையில நடக்குது, எனக்கு அதைப் பாத்தாலே மனசு பதறும். காத்துல ஆறுற இன்ஜின்ங்க, வண்டி நகர்ந்தாத்தான் காத்து படும், நின்ன எடத்துல ஓடினா சூடு ஏறிக்கிட்டேதான் போகும், ரிங்குக்கு வேண்டிய அழுத்தமும் அதுல வராது.

அப்ப எப்படி ஓட்டறதுன்னா, முதல் நாள் ஸ்டார்ட் பண்ணி ஓரிரு நிமிஷத்துல ரோட்டுக்கு வந்துருங்க, நெரிசல் இல்லாத ரோடா பாத்துக்கங்க. ரெண்டு, மூணாவது கியர்ல 25ல இருந்து 45 வரைக்கும் பாதி ஆக்ஸிலேட்டர் குடுத்து இழுங்க, அப்புறம் முழுசா விட்டு கியர்லயே வேகம் குறைய விடுங்க, திரும்ப இழுங்க. ஆக்ஸிலேட்டரை விடறப்ப சிலிண்டருக்குள்ள உறிஞ்சற வேகத்துல ஆயில் ரிங் பக்கம் வந்து தேஞ்ச பொடியைக் கழுவிட்டுப் போகும். 15, 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி நல்லா ஆற விடுங்க, அப்புறம் ஓட்டுங்க. 500 கிலோமீட்டர் வரைக்கும் 50, 55 வேகத்தை ஒட்டி, வேகத்தை மாத்தி மாத்தி ஓட்டுங்க, 1000 கிலோமீட்டர் தாண்டினதும் உங்க இஷ்டம். டாப் கியர்ல 25ல போய் வண்டி திணற திணற முறுக்காதீங்க, கியரைக் குறைங்க, அந்தத் திணறல் பூரா கிராங் (பிஸ்டனோட மேல கீழ ஓட்டத்தைச் சுழற்சியா மாத்தற தண்டு) பேரிங்லதான் போய் விழும்.

நாமக்கல் பக்கம் ஆடி 18 வந்தா எனக்கு ஒரே பயம். வண்டி ரெடின்னு சொன்ன அன்னைக்கே வீட்டுக்காரம்மா, புள்ளைன்னு ஏத்திக்கிட்டு கொல்லிமலைக்குக் கிளம்பிடறாங்க. அடிவாரத்துல இருக்கிற காரவள்ளியில இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு, பூரா ரெண்டாவது கியர், ஃபுல் லோடு, காத்து சரியா படாது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல புதுசுல இருக்கிற கேப் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்குதாங்க, அலுமினிய பிஸ்டன் சூட்டுல விரிஞ்சா பாதி மலையிலயே ஜாம் ஆயிடும். தயவு செஞ்சு 500 தாண்டற வரைக்கும் மலை ஏத்தாதீங்க, பஸ்ல போயிட்டு வாங்க.

ஆயில் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். முதல் 50, 100 கிலோமீட்டர்லயே ஒருதடவை மாத்திருங்க, அப்புறம் 500ல, அப்புறம் 1000ல. சாதா மினரல் ஆயில் போதும், உங்க வண்டிக்கு சொன்ன கிரேடு, டப்பாவுல ஜாசோ எம்ஏன்னு (JASO MA, பைக் ஆயிலுக்கான தர முத்திரை) போட்டிருக்கணும், கார் ஆயிலை ஊத்தினா கிளட்ச் வழுக்க வாய்ப்பு இருக்கு. முதல்ல இறக்கற ஆயிலை வெயில்ல பாத்தா மினுமினுன்னு பொடி தெரியும், அது தேஞ்சு வந்ததுதான், பயப்பட வேண்டாம். துண்டு துண்டா வந்தா காந்தத்தைக் காட்டுங்க, ஒட்டினா கிராங், கியர் பக்கம் எதோ இருக்கு, ஒட்டலைன்னா பிஸ்டனைத்தான் சந்தேகப்படணும்.

வேலை குடுக்கறப்பவே மெக்கானிக்கிட்ட ஒண்ணு கேளுங்க, சிலிண்டரை சோப்புத்தண்ணியில கழுவினீங்களான்னு. ஹோனிங் கல்லோட பொடி அந்தக் கோட்டுக்குள்ள உக்காந்திருக்கும், பெட்ரோல் ஊத்தித் துடைச்சா போகாது. சுடுதண்ணி, சோப்புத்தூள், பிரஷ் வச்சு தேய்ச்சு, வெள்ளைத் துணியில ஆயில் தொட்டு உள்ள துடைச்சா துணி கருக்காம வர்ற வரைக்கும் கழுவணும், உடனே ஆயில் தடவிடணும், இல்லைன்னா துரு புடிச்சுக்கும். ஏர் ஃபில்டரும் புதுசு போடுங்க, பழைய இன்ஜினைத் தின்னதே பல வண்டியில அந்தத் தூசிதான்.

500ல வர்றப்ப இன்ஜின் ஆறின பிறகு டேப்பெட்டை (வால்வு பக்கத்து இடைவெளி) ஒருதடவை பாக்கச் சொல்லுங்க. வண்டி எடுத்த புதுசுல சைலன்சர்ல தங்கின பழைய ஆயில் எரிஞ்சு கொஞ்சம் புகை வரும், ரெண்டு நாள்ல நின்னுடும். 1000 தாண்டியும் நீலப்புகை வந்தா எப்ப வருதுன்னு கவனிங்க. முறுக்கி இழுக்கறப்ப வந்தா பெரும்பாலும் ரிங், காலையில முதல் ஸ்டார்ட்லயோ எறக்கத்துல ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு திரும்பக் குடுக்கறப்பவோ வந்தா பெரும்பாலும் வால்வு சீல் (வால்வு வழியா ஆயில் இறங்காம தடுக்கற ரப்பர்). சீல் மட்டும்னா ஹெட்டைக் கழட்டறதோட வேலை முடிஞ்சுடும், அதனால வெறுமனே புகை வருதுன்னு சொல்லாம எப்ப வருதுன்னு சேத்து மெக்கானிக்கிட்ட சொல்லுங்க.