கால் எரியுது என்று சொல்லுங்கள்

காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் ஒருவர், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு எங்களிடம் சிகிச்சையில் இருந்தார். நாலாம் மாதம். இருமல் நின்றுவிட்டது, எடை ஏறியிருந்தது, சளியில் கிருமி இல்லை. எனக்கும் சந்தோஷம்தான். அன்று கூட வந்த அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே அவர் போடாமல் விட்ட மூன்று வாரத்து லினசோலிட் மாத்திரைகள், அவருடைய காசநோய் மருந்துகளில் ஒன்று. சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததாம்.

கேட்டேன். ரொம்ப நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "கால் ரெண்டும் எரியுது டாக்டர், செருப்பு கழண்டு விழுந்தாகூடத் தெரியல, கொஞ்ச தூரம் போய்க் குனிஞ்சு பார்த்தாதான் தெரியுது" என்றார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றேன். "திட்டுவீங்கன்னு பயம்."

திட்டு அவருக்குப் புதிதில்லை. "ஒழுங்கா மாத்திரை போட்டிருந்தா இது வந்திருக்குமா" என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே கேட்டாயிற்று. அவருக்கு இதற்கு முன் காசநோய் வந்ததே கிடையாது. மருந்துக்கு மசியாத கிருமி இன்னொருவர் இருமலிலிருந்து நேராகவே வந்து தொற்றும், பலருக்கும் அப்படித்தான் வருகிறது. போதாததற்கு நாங்களும் "மாத்திரையை விடாதே, விடாதே" என்று அழுத்திச் சொல்லிச் சொல்லி, அது அவர் காதில் "என்ன ஆனாலும் வாயைத் திறக்காதே" என்று விழுந்திருக்கிறது. இதில் தவறு எங்கள் பக்கம்தான் அதிகம்.

லினசோலிட் நரம்பைப் பாதிக்கும், ரத்தத்தைக் குறைக்கும், சிலருக்குப் பார்வையை மங்கச் செய்யும். சீக்கிரம் சொன்னால் 600 மில்லிகிராமை 300 ஆகக் குறைக்கலாம், கொஞ்ச நாள் நிறுத்தியும் வைக்கலாம். தாமதமானால் பாதத்தின் மதமதப்பு முழுதாகத் திரும்பாமலே போகலாம், அதுதான் எனக்குக் கவலை.

சரி, எல்லா மாத்திரையையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டால்? அது இன்னும் மோசம். கூட்டு மருந்தில் இருக்கும் பெடாகுயிலின் நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும், மற்றவை சில நாட்களிலேயே வெளியேறிவிடும். அப்போது கிருமிக்கு எதிரே ஒற்றை மருந்துதான் நிற்கும், அதையும் மீறிப் பிழைக்கக் கிருமி கற்றுக்கொள்ளும். படபடப்பு, மயக்கம் வந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள். பெடாகுயிலின் இதயத் துடிப்பை மாற்றக்கூடும், அதற்காகத்தான் அடிக்கடி இசிஜி எடுக்கிறோம்.

முன்பெல்லாம் இந்த நோய்க்குப் பதினெட்டு மாதம், இரண்டு வருஷம் என்று ஓடும், மாதக்கணக்கில் போடும் ஊசியால் காது கேட்காமல் போனவர்களும் உண்டு. 2024-ல் இந்தியா அனுமதித்த நான்கு மருந்துக் கூட்டில், பொருந்துகிறவர்களுக்கு, ஊசியே இல்லாமல் 26 வாரத்தில் முடிகிறது.

வீட்டில் இருந்தபடி சிகிச்சை எடுத்தாலும் சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில், படுத்து எடுத்த அளவுக்கே குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது நம்ம சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம்தான். ஆனால் வீட்டில் நடப்பது நோயாளி சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். டாக்டரிடம் சொல்லத் தயக்கமா, மாத்திரை கொடுக்கும் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லுங்கள், இல்லை 1800-11-6666 என்ற இலவச எண்ணில் பேசுங்கள்.

அவருக்கு ரத்தம் பார்த்து, சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க மறுபடி கல்ச்சருக்கு அனுப்பி, டோஸைக் குறைத்துத் தொடர்ந்தோம். அடுத்த மாதம் வந்தவர், நான் கேட்பதற்கு முன்பே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். எரிச்சல் குறைந்திருக்கிறது, இடது கால் விரல்களில் மட்டும் இன்னும் மதமதப்பு இருக்கிறது என்றார்.